முனை நிறுத்தம்

படத்தைப் பார்த்ததும் ஃபுமியேவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. வீட்டுப் பெட்டியின் அடியில் மடித்து வைத்திருந்த துணியை யாரோ எடுத்துக் கொண்டுபோய் நடுத்தெருவில் காயப்போட்டுவிட்ட மாதிரி இருந்தது.

வட ஜப்பானில், அகிதா நகர மண்டபத்தில் நடந்த புகைப்படக் கண்காட்சி அது. தானாக அவள் அங்கே போயிருக்க மாட்டாள். பாட்டுக் குழுத் தோழி கினுகோதான் இழுத்துக்கொண்டு போனாள். கைவிடப்பட்ட பள்ளிக்கூடம், சுரங்கம், விடுதி, ஆஸ்பத்திரி என்று பாழாய்ப்போன கட்டடங்களையே தேடித் தேடிப் படமெடுக்கும் கூட்டம் ஒன்று இருக்கிறதாம். கினுகோ ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்று வாயாடினாள்.

"எங்க வீட்டுக்காரரையும் படம் புடிச்சு இங்க மாட்டியிருக்கலாம்டி. அவரும் இப்படித்தான் கூரை போயி, பெயிண்ட் உதிர்ந்து உக்காந்திருக்கார்."

ஃபுமியே சிரித்துக்கொண்டே அடுத்த படத்துக்குத் திரும்பினாள். சிரிப்பு அங்கேயே நின்றுபோயிற்று.

பச்சை வண்ணம் பொரிந்து உதிரும் நீளமான கூடம். கம்பி போட்ட ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே கடல், வானத்தின் ஓரம்வரை கடல். ஜன்னல் பக்கமாய்த் திருப்பிப் போட்ட ஒரு மர நாற்காலி. அதன்மேல் தட்டையான ஒரு திண்டு. வெள்ளைத் துணியில் சிவப்புத் தங்கமீன்கள். சிவப்பு வெளுத்து ரோஜா நிறமாகியிருந்தது. ஒரு மூலையில் மட்டும் ஒரு மீனுக்குத் தலை இல்லை. துணி போதாமல் வேறு துண்டை ஒட்டுப்போட்டுத் தைத்ததில் அந்தத் தலை போயிற்று. அது யார் கையில் போயிற்று என்பது ஃபுமியேவுக்குத் தெரியும். அவள் கையில்தான்.

படத்துக்குக் கீழே 'கடலைப் பார்த்தபடி' என்று பெயர் எழுதியிருந்தது. அதற்கும் கீழே, 'எதையும் எடுக்காமல், எதையும் நகர்த்தாமல் எடுத்த படங்கள்' என்று சின்ன எழுத்தில் ஒரு வரி.

கினுகோவைத் தேநீர் குடிக்க அனுப்பிவிட்டு, ஃபுமியே படம் எடுத்தவரைத் தேடிப் பிடித்தாள். ஒனோதேரா என்று பெயர். நாற்பதைத் தாண்டிய மனிதர், வாரநாட்களில் லாரி கம்பெனியில் வேலை. பேசும்போது எதிராளியின் முகத்தைப் பார்க்காமல் தோள்பட்டையைப் பார்ப்பவர்.

"இந்தப் படம் எங்க எடுத்தது?"

"மன்னிக்கணும்மா. இடத்தைச் சொல்றதில்லைங்கறது எங்க ஆளுங்களோட வழக்கம். சொன்னா கண்டவனும் போயி உடைச்சு நாசம் பண்ணிடுவான்."

"நீங்க சொல்ல வேணாம். நான் சொல்றேன். முனை ஆஸ்பத்திரி. கொஞ்ச தூரம் தள்ளி மீன்காரக் குப்பம் ஒண்ணு இருக்கும். கீழ பஸ் நிறுத்தம் இருக்கும்."

ஒனோதேரா முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார். "நீங்க அங்க வேலை பாத்தீங்களாம்மா?"

"இல்ல." சொல்ல வாய் வரவில்லை. வாழ்நாள் முழுக்க அடைத்து வைத்த வாய் சட்டென்று திறந்துவிடுமா என்ன? "அந்தத் திண்டு நான் தைச்சது. என்னை ஒரு தடவை அங்க கூட்டிட்டுப் போறீங்களா? அந்த நாற்காலியில ஒரு நிமிஷம் உக்காரணும்."

பனிக்காலத்துக்கு முன்னால் அந்தக் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்றும், ஊர் அலுவலகத்தில் கேட்டுச் சாவி வாங்கித் தருகிறேன் என்றும் ஒனோதேரா சொன்னார். அன்றைக்கு ராத்திரி ஃபுமியே நன்றாகத் தூங்கினாள். அப்படித் தூங்கி எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

தெய்ஜி அவளுக்கு ஐந்து வயது இளையவன். கணவாய் பிடிக்கும் படகுக்காரர் வீட்டில் கடலைக் கண்டு பயப்படாமல் பிறந்த ஒரே பிள்ளை என்று அப்பா அவனைப் பெருமையாகச் சொல்லுவார். இருபது வயதில் கடல் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தது. தெய்ஜி மரியாதை தெரிந்த பிள்ளை. கூப்பிட்டவர்களுக்குப் பதில் சொல்லாமல் இருக்க மாட்டான். படகுத்துறையில் நின்று, இடுப்பு வளையக் குனிந்து வணங்கி, "இதோ வர்றேங்க, இதோ வர்றேங்க" என்று அலைகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். முதலில் ஊர் சிரித்தது. பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டு ஒதுங்கியது. அதுதான் வீட்டாருக்குப் பொறுக்கமுடியாமல் போயிற்று.

இரண்டு மாதம் என்று சொல்லி அப்பா அவனை முனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அந்த இரண்டு மாதம் அவன் ஆயுள் முழுக்க நீண்டது.

ஃபுமியேவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது. நகரத்தில் மிசோ என்கிற சோயா விழுது விற்கும் கடை வைத்திருந்த நல்ல குடும்பம். அந்தக் காலத்தில் பெண் எடுக்கிறவர்கள் ஆளை அனுப்பி அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். மூன்று தலைமுறையில் யாருக்காவது சித்தம் கலங்கியிருந்தால் பேச்சு அதோடு முடிந்தது. அதனால் அம்மா காதும் காதும் வைத்தாற்போல் காரியம் பார்த்தாள். தெய்ஜி தோக்கியோவில் அச்சாபீஸில் வேலைக்குப் போய்விட்டான் என்றாள். பொய் என்று வந்துவிட்டால் அதற்கும் சோறு போட்டு வளர்க்கத்தானே வேண்டும்? வருஷத்துக்கு வருஷம் அம்மா அவனுக்குச் சம்பளம் ஏற்றினாள், மேஸ்திரி ஆக்கினாள், வேலை மும்முரத்தில் கல்யாணம் தள்ளிப்போகிறது என்று வருத்தப்பட்டாள்.

"உன் தம்பி ஏன் ஒரு புத்தாண்டுக்குக்கூட வரமாட்டேங்கறான்? தோக்கியோக்காரி எவளாவது முந்தானையில முடிஞ்சு வச்சுட்டாளா?" என்று மாமியார் கேலி பண்ணுவாள். ஃபுமியேவும் சேர்ந்து சிரித்து வைப்பாள். அந்தச் சிரிப்புக்காக அவள் தன்னை என்றைக்கும் மன்னித்ததில்லை.

ஒரே ஒரு தடவை அவனைப் பார்க்க முனைக்குப் போனாள். கல்யாணமாகி மறு வருஷம், வயிற்றில் பிள்ளை. தாய்வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். தன் பழைய கோடை கிமோனோவைக் கிழித்துத் தைத்த திண்டு கையில் இருந்தது. திருவிழாக் கடையில் காகித வலையை வைத்துத் தங்கமீன் பிடிப்பதில் தெய்ஜியை அடிக்க ஆளில்லை. அந்தத் துணியையும் அவன்தான் அவளுக்குத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தான்.

முனை நிறுத்தத்தில் இறங்குகிறவர்களுக்கு ஒரே ஒரு காரணம்தான் உண்டு. அங்கே வேறு வீடு கிடையாது, கடை கிடையாது. அதனால் ஆஸ்பத்திரியில் ஆளை வைத்திருப்பவர்கள் யாரும் அங்கே இறங்கமாட்டார்கள். அடுத்த நிறுத்தமான மீன்காரக் குப்பத்தில் இறங்கி, கருவாடு வாங்க வந்தவர்கள் போலக் கொஞ்சம் சுற்றிவிட்டு, கடற்கரை வழியாக நடந்து திரும்பி வருவார்கள். எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். ஆனாலும் அப்படித்தான் செய்வார்கள்.

ஃபுமியேவுக்கு அன்றைக்கு அவ்வளவு தூரம் நடக்க முடியவில்லை. முனையிலேயே இறங்கிவிட்டாள். இறங்கித் திரும்பினால், பஸ் ஜன்னலில் ஒரு முகம். மிசோ கடைக்கு வாரம் தவறாமல் வரும் வாடிக்கைக்காரி ஒருத்தியின் முகம் மாதிரி இருந்தது. அவளேதானா என்று இன்றுவரை தெரியாது. பஸ் போய்விட்டது. மேலே சரிவின் உச்சியில் ஆஸ்பத்திரி வாசல் தெரிந்தது. ஃபுமியே கொஞ்ச நேரம் நின்றாள். சரிவிலிருந்து இறங்கி வந்த ஒரு நர்ஸிடம், "யாரோ குடுக்கச் சொன்னாங்க, தெய்ஜிங்கறவருக்கு" என்று பொட்டலத்தைக் கொடுத்தாள். எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள்.

யாரோ குடுக்கச் சொன்னாங்க!

பல வருஷம் கழித்து ஒரு மாரிக்காலத்தில் அம்மா தொலைபேசியில் கூப்பிட்டாள். பக்கத்தில் மாமியார் இருப்பாள் என்று அம்மாவுக்குத் தெரியும். "தோக்கியோவுல அவனுக்கு வேலை முடிஞ்சு போச்சுடி" என்று மட்டும் சொன்னாள். அவ்வளவுதான். அவன் சாம்பலை ஏதோ ஒரு கோயிலில் கேட்பாரற்றவர்களோடு சேர்த்து வைத்தார்கள். அடுத்த வருஷம் ஆஸ்பத்திரியையும் மூடினார்கள்.

திண்டு கொண்டுபோன அன்றைக்கு அவன் தன்னைப் பார்த்திருக்க மாட்டான், தனக்காகக் காத்திருந்திருக்க மாட்டான் என்பதுதான் ஃபுமியே பிடித்துக்கொண்டிருந்த ஒரே கொம்பு. அது ஆடும்போதெல்லாம் அவளுக்குத் தூக்கம் போய்விடும். இப்போது இந்தப் படம். அவன் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறான். கடல் அவனிடம் பேசியிருக்கும், அவன் பதில் சொல்லியிருப்பான். அக்காளை நினைக்க அவனுக்கு நேரம் ஏது? அப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்று அவள் மனதாரக் கும்பிட்டாள்.

இலையுதிர்காலத்தில் செத்தவர்களைப் பார்க்கக் கல்லறைக்குப் போகும் வாரம் வந்தது. அந்த வாரத்துக்கென்றே செய்கிற, சிவப்புப் பயறுப் பூரணம் பூசிய சோற்று உருண்டைகளைச் செய்து, டப்பாவில் அடுக்கி, துணியில் முடிந்துகொண்டு ஃபுமியே ஒனோதேராவின் காரில் ஏறினாள்.

ஆஸ்பத்திரிக்குள் நாற்றம் எதுவும் இல்லை. அதுவே அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது. ஈரச் சுவர், காய்ந்த இலை, அவ்வளவுதான். சுவரில் மாட்டிய மருந்து நேர அட்டவணை, வரிசையாகக் காலணி வைக்கும் மரத்தட்டு, தரையில் உதிர்ந்த வண்ணம். ஒனோதேரா கால் வைக்கும் இடத்தைப் பார்த்துப் பார்த்து வைத்தார். கோயிலுக்குள் நடக்கிற மாதிரி நடந்தார்.

"பாத்து வாங்கம்மா. தரை சில இடத்துல உளுத்துப் போச்சு."

"நானும் உளுத்துப் போனவதான். நாங்க ரெண்டு பேரும் அனுசரிச்சுக்குவோம்."

கூடம் வந்தது. படத்தில் இருந்தபடியே ஜன்னல், நாற்காலி, திண்டு. ஃபுமியே திண்டைத் தொட்டாள். கவிழ்த்துப் பார்த்தாள். அடியில் கறுப்பு மையால் 'தெய்ஜி' என்று யாரோ எழுதியிருந்தார்கள். திண்டைத் திரும்ப வைத்து, கிமோனோ நுனியை ஒதுக்கிப் பிடித்தபடி, மெல்ல உட்கார்ந்தாள். நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாள்.

கடல் இல்லை.

வானம் இருந்தது. துருப்பிடித்த கம்பி இருந்தது. ஜன்னலின் அடிக்கட்டை அவள் நெற்றிக்கு மேலே இருந்தது. முதுகை நிமிர்த்தினாள். நாற்காலியில் ஒரு சாண் எம்பினாள். வானம்தான்.

"ஒனோதேரா-சான்."

"சொல்லுங்கம்மா."

"கடல் தெரியலியே."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எங்க தெய்ஜி என்னைவிடக் குட்டை. எங்கப்பா அவனைக் குட்டிக் கணவாய்னுதான் கூப்பிடுவார். எனக்கே தெரியலன்னா அவனுக்கு எப்படித் தெரியும்? வெறும் கம்பியைப் பாக்கவா இங்க நாற்காலி போட்டான்?"

ஒனோதேரா தன் தொப்பியைக் கழற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவர் தலை மெல்லத் தாழ்ந்தது.

"நாற்காலி இங்க இல்லம்மா. நான்தான் நகர்த்தினேன்."

"என்ன?"

"வாசல் பக்கம் கிடந்துச்சு. பின்னாடி வெறும் சுவர். வெளிச்சமும் இல்ல, படம் எடுபடல. இங்க ஜன்னல், கடல், சாயங்கால வெயில்... ஒரே ஒரு படம் எடுத்துட்டுத் திரும்ப வச்சுடலாம்னு நெனச்சேன். வெளியில ஏதோ சத்தம் கேட்டு அப்படியே போயிட்டேன். எங்க ஆளுங்க இதைச் செய்யவே கூடாதும்மா. அடுத்தவன் செஞ்சா நானே காறித் துப்புவேன். அந்தப் படத்துக்குப் பரிசு வேற குடுத்துட்டாங்க. அப்புறம் சொல்ல வாய் வரல. கார்ல வர்றப்பவே சொல்லணும்னு இருந்தேன். நீங்க அந்த டப்பாவை மடியில வச்சுக்கிட்டு..."

"அந்தப் படத்தைப் பாத்துட்டுத்தான்யா நான் இந்த மூணு மாசமா தூங்கினேன்." அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவருக்குத் தாங்கியிருக்கும். "அதையும் புடுங்கிட்டீங்களே."

அவர் தரையிலேயே மண்டியிட்டுத் தலையைத் தாழ்த்தினார். ஃபுமியே அவரைப் பார்க்கவில்லை. எழுந்து திண்டை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"எங்க இருந்துச்சோ அங்க கொண்டுபோய்ப் போடுங்க."

கூடத்தின் கடைசியில் வாசலுக்குப் போகும் வழி. கம்பி வலை பதித்த கண்ணாடிக் கதவு. கதவுக்கு எதிர்ச்சுவர் ஓரம் மரத்தரையில் நான்கு பள்ளங்கள் தெரிந்தன. ஒனோதேரா நாற்காலியை வைத்ததும் கால் நான்கும் அந்தப் பள்ளங்களில் போய் அமர்ந்தன. அதற்கு முன்னால், ஒரு மனிதன் இரண்டு பாதங்களையும் ஊன்றும் இடத்தில், பலகை தேய்ந்து வழவழத்துக் கிடந்தது. ஒருநாள் இருநாள் உட்கார்ந்த தேய்மானம் இல்லை அது.

ஃபுமியே திண்டைப் போட்டு உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு வெளியே சரிவு. சரிவின் அடியில் சாலை. சாலையோரம் துருப்பிடித்த பஸ் நிறுத்தக் கம்பம், பக்கத்தில் ஒனோதேராவின் கார். கதவுச் சட்டம் அந்தக் கம்பத்தை மட்டும் அளவெடுத்து உள்ளே வைத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

"கீழ போயி அந்தக் கம்பத்துக்கிட்ட நில்லுங்க."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. இறங்கிப் போனார். கம்பத்துக்குப் பக்கத்தில் நின்று மேலே பார்த்தார். கழுத்தைத் துடைத்துக்கொண்டார். தொப்பியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். என்ன செய்வதென்று தெரியாமல் காலை மாற்றி நின்றார். எல்லாம் தெரிந்தது.

அப்படியென்றால் எல்லாம் தெரிந்திருக்கும். பஸ்ஸிலிருந்து அக்கா இறங்கியது, அவள் வயிறு மேடிட்டிருந்தது, கையில் பொட்டலம் இருந்தது, மேலே அண்ணாந்து பார்த்தது, நர்ஸிடம் கொடுத்தது, எதிர் பஸ்ஸில் ஏறியது. பிறகு நர்ஸ் வந்து, யாரோ கொடுத்தார்கள் என்று தங்கமீன் திண்டை அவன் கையில் கொடுத்திருப்பாள். அவனோ மரியாதை தெரிந்த பிள்ளை. அக்கா இன்னொரு தடவை வருவாள், வரும்போது உள்ளே அழைக்க ஆள் வேண்டும் என்று அவள் கொடுத்த திண்டைப் போட்டு, அவள் வரும் வழியைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான். பலகை தேய்கிற வரைக்கும்.

ஃபுமியே வாய்விட்டு அழுதாள். அம்மா தொலைபேசியில் சொன்ன அன்றைக்கு, பக்கத்தில் மாமியார் இருந்ததால் அழாமல் விட்டது, இன்றைக்கு வந்தது. கணவர் சாவுக்கும் அவள் இப்படி அழுததில்லை. ஒனோதேரா கீழேயே நின்றார். வெகுநேரம் கழித்து அவள் எழுந்து, சோற்று டப்பாவை எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கினாள். கம்பத்தின் அருகே வந்ததும், "நீங்க மேல போங்க. அந்த நாற்காலிக்குப் பக்கத்துல யாராவது நிக்கணும்" என்றாள்.

அவர் மேலே போய்ச் சேரும்வரை காத்திருந்தாள். பிறகு, பஸ்ஸிலிருந்து அப்போதுதான் இறங்கினவள் போலக் கிமோனோவைச் சரிசெய்துகொண்டு, சரிவில் ஏறினாள். சின்னச் சரிவுதான். கர்ப்பிணிகூட ஏறிவிடலாம். அது அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. மூச்சு வாங்க வாசலில் நின்றாள்.

"தெய்ஜி, அக்கா வந்திருக்கேன்டா. நேரமாயிடுச்சு."

ஒனோதேரா நாற்காலியின் பக்கத்தில் தலைகுனிந்து நின்றார். அவர் கேமரா பையிலேயே கிடந்தது. ஃபுமியே தரையில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து, ஒரு உருண்டையைத் திண்டின்மேல் வைத்தாள். ஒன்றை அவருக்கு நீட்டினாள். ஒன்றைத் தான் தின்றாள். இனிப்பு கொஞ்சம் கூடிப்போயிருந்தது. தெய்ஜிக்கு அப்படித்தான் பிடிக்கும்.

கிளம்பும்போது திண்டின்மேல் இருந்த உருண்டையை நாற்காலியிலேயே வைத்துவிட்டு, திண்டைத் தட்டி மடக்கிக் கைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு நின்று, "எதையும் எடுக்கக் கூடாதுன்னு உங்க வழக்கமாச்சே" என்றாள்.

"எடுத்துட்டுப் போங்கம்மா. தயவுசெஞ்சு எடுத்துட்டுப் போங்க."

அவர் கார்க் கதவைத் திறந்துவைத்தார். அவள் ஏறவில்லை. பஸ்ஸில் போகிறேன் என்று சொல்லிவிட்டாள். இந்தப் பக்கம் இப்போது சின்ன பஸ்தான் ஓடுகிறது, அதுவும் எப்போதாவதுதான் வருகிறது. அவர் காரை ஓரமாக நிறுத்தி, வரும்வரை கூட நின்றார்.

பஸ்ஸில் குப்பத்திலிருந்து ஏறி வந்த கிழவிகள் நாலைந்து பேர் மீன் கூடைகளோடு இருந்தார்கள். முனையில் பஸ் நின்றதும் அத்தனை பேர் கண்ணும் வாசலுக்குத் திரும்பியது. ஃபுமியே ஏறி, முன்வரிசையிலேயே காலியாக இருந்த இடத்தில் உட்கார்ந்து, மீன் படம் மேலே தெரிகிற மாதிரி திண்டை மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்துக் கிழவிக்குப் பொறுக்கவில்லை.

"இந்த நிறுத்தத்துல ஆள் ஏறி எவ்ளோ வருஷமாச்சு! மேல பாழடைஞ்ச ஆஸ்பத்திரிதானே இருக்கு. அங்க யாரு இருக்காங்க உங்களுக்கு?"

"என் தம்பி இருந்தான்" என்றாள் ஃபுமியே, பஸ் முழுக்கக் கேட்கும்படி. "தோக்கியோவுலன்னு சொல்லிட்டிருந்தோம். இங்கதான் இருந்தான்."

கிழவி அவளைப் பார்த்தாள். பிறகு தன் மீன் கூடையை நகர்த்தி அவளுக்குக் கால் வைக்க இடம் செய்து கொடுத்தாள்.

"எங்க வீட்டுக்காரரும் அங்கதான் இருந்தார்" என்றாள் மெதுவாக. "நான் ஒரு நாளும் இங்க இறங்கினதில்ல."